தரிசு என்னும் சொல்

தமிழில் புல்லுக்கு மதிப்புக் குறைவு. 'புன்மை' என்றால் இழிவு. 'புல்லர்' என்றால் கீழோர். 'புல்லறிவு' என்றால் அற்ப அறிவு. ஆற்றல் மிக்கவனைப் புகழ வந்த பழமொழியும், 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்று, கருவிகளுள் கடையது புல்லே எனக் கொண்டுதான் பேசுகிறது. ஆற்றுநீரும் ஏரிநீரும் பாயும் நிலத்தை நன்செய் என்றோம். வானம் பார்த்த நிலத்தைப் புன்செய் என்றோம். ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் புன்மை என்று நிலத்தையே இரண்டாகப் பகுத்துப் பெயர் சூட்டிய மொழி நம்முடையது.

சொல்தானே, அதனால் என்ன என்று கேட்கலாம். சொல் ஏட்டில் ஏறுகிறது, ஏடு சட்டமாகிறது, சட்டம் நிலத்தின்மேல் வேலியாகவும் மண்வெட்டியாகவும் இறங்குகிறது. 'தரிசு' என்னும் ஒரு சொல் நம் நாட்டுப் புல்வெளிகளுக்குச் செய்ததை எண்ணிப் பார்ப்பதற்குத் திருவண்ணாமலைச் சீமை பொருத்தமான இடம். அங்கே ஒரு பெருங்கோயில் உண்டு. ஒரு மலை உண்டு. கார்த்திகைத் திங்களில் அம்மலையுச்சியில் ஏற்றப்படும் ஒரு தீபம் உண்டு. அத்தலத்திற்குச் செல்வோர் இம்மூன்றையும் காண்கின்றனர். இம்மூன்றையும் சுற்றிப் பல நூற்றாண்டுகளாகப் பரந்து கிடந்த நான்காவது ஒன்று உண்டு. அதுதான் புல்.

நடுகற்கள் சொல்லும் செய்தி

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ளது செங்கம். சங்க இலக்கியத்தில் இதற்குச் செங்கண்மா என்று பெயர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இவ்வூர்த் தலைவன் நன்னனைப் பாடியது. பெருங்கௌசிகனார் இயற்றிய 583 அடிகள் கொண்ட அந்நூல், பரிசில் தேடிச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் பாட்டு. ஆகவே அது ஒரு நிலவியல் ஏடும் ஆகும். மலை, காடு, தினைப்புனம், சேயாறு என்று நாட்டைக் கடந்து செல்லும் அவ்வழியில், மாடு மேய்க்கும் கோவலரும் ஆடு மேய்க்கும் இடையரும் எதிர்ப்பட்டுப் பாலும் உணவும் தந்து விருந்தோம்புகின்றனர். வழிப்போக்கருக்கு விருந்திடுமளவு செல்வம் மேய்ச்சல் நிலத்தில் விளைந்தது என்பதை அப்பாட்டு எளிதாகச் சொல்லிச் செல்கிறது.

இலக்கியம் சொன்னதைக் கல்லும் சொல்கிறது. செங்கம் வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களின் எழுத்துகளைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972ஆம் ஆண்டில், இரா. நாகசாமியின் பதிப்பாக, 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலில் வெளியிட்டது. பல்லவர் காலத்தைச் சேர்ந்த கற்கள் அவற்றுள் பல. அக்கற்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்றே: ஆநிரையைக் கவர வந்தார்கள், இவன் தடுத்து நின்றான், பட்டான்.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் நெஞ்சைத் தொடுவது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருந்தேவக்கத்தி என்னும் இளைஞன் தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்டான். அவனுக்கு எடுத்த கல்லில் அவன் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லெழுத்துக் கூறுகிறது. அரசர்களின் பெயர்களையே பொறிக்கும் கல்லில் ஒரு நாயின் பெயரைப் பொறித்து வைத்த மக்கள், தம் கால்நடையை எவ்வளவு பெரிதாக எண்ணியிருக்க வேண்டும்!

இங்கே ஒன்றை நாம் கூட்டிப் பார்க்க வேண்டும். உயிர் கொடுத்துக் காக்கத்தக்க அளவு ஆநிரை இருந்தது என்றால், அந்நிரை மேயத்தக்க அளவு வெளியும் இருந்திருக்க வேண்டும். அடர்ந்த கானகத்தில் பெருமந்தைகள் மேய்வதில்லை. நெல்வயலில் மேய விடுவாருமில்லை. இடையிடையே வேலமும் இலந்தையும் நிற்க, எஞ்சிய இடமெல்லாம் புல் மூடிய திறந்த வெளியில்தான் மந்தைகள் பெருகும். அந்த நடுகற்கள் வீரர்களின் நினைவுச் சின்னங்கள் மட்டுமல்ல. அவர்கள் காலடியில் இருந்த புல்வெளிகளின் நினைவுச் சின்னங்களும் ஆகும்.

விளக்கின் பின்னே நிற்கும் ஆடு

வெளியில் மேய்ந்த ஆடு கோயிலுக்குள்ளும் வந்தது. சோழர் காலத்தில் கோயிலில் நந்தாவிளக்கு எரிப்பதற்குக் கொடை தருவோர் பெரும்பாலும் ஆடுகளையே தந்தனர். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் என்பது பொதுவான அளவு. அவற்றை 'மன்றாடி' எனப்பட்ட இடையர் ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் சூட்டிய பெயர், 'சாவா மூவாப் பேராடு'. சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. கிழடு கழியக் குட்டி அதன் இடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் என்றும் மாறாது. முதலைத் தொடாமல் வட்டியில் வாழும் கணக்கை நம் முன்னோர் இவ்வளவு அழகாக எழுதி வைத்தனர்.

அண்ணாமலையார் கோயிலிலும் விளக்குக் கொடைகள் கல்லில் உள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990ஆம் ஆண்டில் அக்கோயிலின் கல்வெட்டுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. ஒளியைத் தெய்வமாகக் கொண்டாடும் அந்நகரின் வரலாற்றை எழுதுவோர் மன்னர்களையும் கோபுரங்களையும் எழுதுவர். ஆயினும் பழைய விளக்குக் கொடைகளின் முறையை எண்ணிப் பார்த்தால், விளக்குக்கு நெய் வேண்டும். நெய்க்கு ஆடு வேண்டும். ஆட்டுக்குப் புல் வேண்டும். கருவறையின் சுடருக்கு ஊர்ப்புறத்துப் புல்லே முதல். சாவா மூவாப் பேராடு என்று எழுதியவர், சாவா மூவாப் புல்லும் இருக்கும் என்று நம்பித்தானே எழுதினார்?

கணக்கில் விழுந்த நிலம்

அந்நம்பிக்கையைக் குலைத்தது வெள்ளமோ பஞ்சமோ அன்று. ஒரு கணக்குப் புத்தகம். 1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு ஆங்கிலக் கும்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராக இருந்த 1820களில் ரயத்துவாரி முறை மாகாணத்தின் பொது முறையாயிற்று. உழுபவன் பெயரில் பட்டா, பட்டாவுக்குத் தீர்வை. தீர்வை தரும் நிலம் ஒரு பக்கம். தராத நிலம் மறுபக்கம். தராததற்குத் 'தரிசு' என்றும் 'புறம்போக்கு' என்றும் பெயர். புறம்போக்கு என்றால் வரிக்கணக்குக்குப் புறம்பாகப் போனது என்பதே பொருள். அது பிற்காலத்தில் மனிதரைத் திட்டும் சொல்லாகவும் இழிந்தது. ஊர் மந்தை மேய்ந்த வெளி, 'மேய்க்கால் புறம்போக்கு' என்று பெயர் பெற்று அரசின் சொத்தாக ஏடேறியது.

இம்மாற்றம் எதிர்ப்பின்றி நிகழ்ந்துவிடவில்லை என்பது நாம் மறந்துபோன செய்தி. காடுகள் யாவும் அரசுக்கே உரியவை என்னும் சட்டத்தை இந்திய அரசு கொண்டுவர முனைந்தபோது, 1871இல் சென்னை வருவாய் வாரியம் அதனை மறுத்தது. இம்மாகாணத்தில் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்காத காடு அரிது என்றும், அவற்றில் மக்களின் உரிமையே பழமையானது என்றும் அவ்வாரியம் எடுத்துரைத்தது. ஆங்கில அதிகாரிகளே எழுதிய சான்று இது! ஆயினும் இறுதியில் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் வந்தது. ஒதுக்குக் காடுகள் வரையறுக்கப்பட்டன, மேய்ச்சலுக்குக் கட்டணமும் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டன, நெருப்பு குற்றமாயிற்று. இடையர், ஓரிரு தலைமுறைக்குள், தம் நிலத்திலேயே அத்துமீறி நுழைந்தவர் ஆயினர்.

'காடு' என்ற சொல்லும் அப்போது சுருங்கிற்று. கொங்கு நாட்டு உழவர் இன்றும் தம் புன்செய்க்குப் போவதைக் காட்டுக்குப் போவதாகவே சொல்வர். மரம் அடர்ந்ததும் காடு, புல் படர்ந்ததும் காடு, கம்பு விளைந்ததும் காடு. தொல்காப்பியம் மாயோன் மேய நிலமாகிய முல்லையைக் 'காடுறை உலகம்' என்றபோது கருதியதும் ஆயர் வாழும் அவ்விரிந்த பொருளையே. அரசு ஏடோ, வெட்டி விற்கத்தக்க மரம் நிற்பதே காடு என்றது. மரம் இல்லாதது தரிசு என்றது. முல்லை என்னும் ஒரு திணையே இவ்விரண்டுக்கும் நடுவே விழுந்து மறைந்தது.

மரம் நடுவோரின் நல்லெண்ணம்

ஆட்சி மாறியது, ஏடு மாறவில்லை. 1952இன் தேசிய வனக்கொள்கை நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக வேண்டும் என்றது. அந்த இலக்கை எட்ட நிலம் வேண்டுமே! 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைந்தபோது, ஆண்டுக்கு 50 இலட்சம் எக்டேரில் மரம் வளர்ப்பது குறிக்கோளாயிற்று. பின்னர், 2000ஆம் ஆண்டு முதல் வெளிவந்த இந்தியத் தரிசுநில வரைபட ஏடுகளில் புதர்வெளியும் நலிந்த மேய்ச்சல் நிலமும் தரிசின் வகைகளாகவே இடம்பெற்றன. மேய்ச்சல் நிலம் நலிந்திருந்தால் மேய்ச்சல் நிலமாகவே தேற்றுவது முறை. தரிசு என்று பெயரிட்டுவிட்டாலோ அங்கே தைலமரத்தையும் நடலாம், தொழிற்கூடத்தையும் கட்டலாம், குப்பையையும் கொட்டலாம்.

நட்ட மரங்களுள் ஒன்று நட்டவரையும் மீறி வளர்ந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1877இல் இந்தியத் துணைக்கண்டத்திற்கு வந்த சீமைக்கருவேலத்தை அறியாத தமிழர் இலர். விறகுக்கென்று வரவேற்கப்பட்ட அது, ஏரிகளையும் மேய்க்கால்களையும் முள்ளால் மூடியது. அதன் நெற்றைத் தின்ற ஆடுமாடுகளே அதன் விதையை ஊர்தோறும் கொண்டு சேர்த்தன. குஜராத்தின் பன்னிப் புல்வெளியில் 1960களின் தொடக்கத்தில், உப்பு மண் பரவாமல் தடுக்க வனத்துறையே இதனை நட்டது; ஆசியாவின் சிறந்த புல்வெளிகளுள் ஒன்று முட்காடாயிற்று. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் படர்தாவரங்களை அகற்றுவதற்கெனக் கொள்கை வகுக்க வேண்டிய நிலை வந்தது.

புல்வெளி என்பது மரம் வளராமல் தோற்றுப்போன இடம் அன்று என்பதே இன்றைய அறிவியல் சொல்வது. வெப்பநாட்டுப் புல்லினங்கள் இத்துணைக்கண்டத்தில் பரவியது ஏறத்தாழ 70, 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. மனிதன் கோடரி ஏந்துவதற்கு எவ்வளவோ முன்பு. மரத்தின் செல்வம் மண்ணுக்கு மேலே நிற்கிறது. புல்லின் செல்வமோ மண்ணுக்குள் வேராக மறைந்திருக்கிறது. மேலே தீ ஓடினாலும், மாடு கடித்தாலும், தரையோடு ஒட்டிய குருத்திலிருந்து அது மீண்டும் துளிர்க்கிறது. காற்றிலுள்ள கரியை மண்ணுக்குள் சேமித்து வைப்பதில் அது மரத்திற்கு இளைத்ததன்று. மகாராட்டிரத்தில் 13ஆம் நூற்றாண்டு முதலான மராத்திப் பாடல்களிலும் கதைகளிலும் வரும் செடிகொடிகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், அங்குள்ள புல்வெளிகள் குறைந்தது 750 ஆண்டுப் பழமையுடையவை என்று 2025இல் எழுதினர். மலைபடுகடாமும் நடுகற்களும் கையில் இருக்க, நாம் அத்தகைய ஆய்வுக்கு இன்னும் எவ்வளவு பின்னோக்கிச் செல்ல முடியும்!

வெளியை நம்பிய உயிர்களின் பெயர்களையும் நம் மொழி காத்து வைத்துள்ளது. புல்வாய் எனவும் இரலை எனவும் வழங்கும் மானுக்கு இன்னொரு பெயர் வெளிமான். வரகுக் கொல்லைகளில் திரிந்ததால் வரகுக்கோழி எனப்பட்டது ஒரு பறவை, கானமயில் மற்றொன்று. இவை தரையில் முட்டையிடுபவை. நெடுந்தொலைவு பார்த்துப் பகையறிபவை. வெளியின் நடுவே வரிசையாக மரத்தை நட்டால் காகமும் பருந்தும் அமர்ந்து நோக்கக் கிளை கிடைக்கிறது. கூட்டுக்குக் காவல் போகிறது. வரகுக்கோழியும் கானமயிலும் இன்று அழிவின் விளிம்பில் நிற்கின்றன. நல்லெண்ணத்தோடு நட்ட மரமும் ஓர் உயிரின் வீட்டை இடிக்கக்கூடும்.

மலைக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று

அப்படியானால் மரம் நடுவதே தவறா? அன்று. இதற்கும் திருவண்ணாமலையே விடை தருகிறது. ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலை, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிப் புகைப்படங்களில் பாறையும் புல்லுமாகவே காட்சி தருகிறது. விறகுக்கு வெட்டியதும், கோடைதோறும் ஓடிய தீயும் அதன் மரங்களைத் தின்றிருந்தன. ஓடைப் பள்ளங்களில் மட்டும் பழைய காட்டின் மிச்சம் ஒண்டியிருந்தது. 1980களின் இறுதியிலிருந்து தொண்டு அமைப்புகள் அச்சரிவுகளில் மரம் நடத் தொடங்கின. 2003இல் தோன்றிய 'தி ஃபாரஸ்ட் வே' என்னும் அமைப்பு அப்பணியைத் தொடர்ந்து வருகிறது. வந்தேறி மரங்களை விடுத்து இம்மண்ணுக்குரிய மரங்களின் விதையைத் தேடிச் சேர்த்தது, தீத்தடுப்புக் கோடுகள் வெட்டியது, தீ மூண்டபோது ஏறிச் சென்று அணைத்தது ஆகியவை அப்பணியின் சிறப்பு. இன்று அம்மலையின் கீழ்ச்சரிவுகள் பசுமை பூண்டிருப்பதைக் கிரிவலம் செல்வோர் காண்கின்றனர். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த பெருமழையில் மலைச்சரிவு பெயர்ந்து, அடிவாரத்து வீட்டின்மேல் விழுந்து ஏழு உயிர்களைக் கொண்டது. சரிவிலுள்ள மண்ணை எவரும் எளிதாக எண்ணலாகாது என்பதை அத்துயரம் நமக்கு உணர்த்தியது.

திருவண்ணாமலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இந்த அளவு மழையில் காடும் நிற்கும், புல்வெளியும் நிற்கும். ஓரிடத்தில் எது நின்றது, எது நிற்கத்தக்கது என்பதைச் சரிவும் மண்ணின் ஆழமும் பழைய மிச்சங்களும் சொல்லும். மலையின் பள்ளத்தில் காட்டின் வேர் மிஞ்சியிருந்தது. அங்கே காட்டை மீட்டது அறம். சமவெளியின் மேய்க்காலில் புல்லின் வேர் மிஞ்சியிருக்கிறது. அங்கே புல்லை மீட்பது அறம். முதலதற்கு நன்கொடை வருகிறது, விழா எடுக்கிறோம், படம் பிடிக்கிறோம். இரண்டாவதற்குக் குழி தோண்ட வேண்டியதில்லை; கன்று நட வேண்டியதில்லை. முள்ளை அகற்றி, மண்ணுக்கு ஓய்வு தந்து, காத்திருக்க வேண்டும். காத்திருத்தல்தானே முல்லைத் திணையின் ஒழுக்கம்?

கொரங்காடு கற்பிக்கும் பாடம்

ஓய்வு தந்து மேய்ப்பது எப்படி என்பதற்கு வேற்று நாட்டு நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. காங்கயம், தாராபுரம், கரூர் வட்டாரங்களில் 'கொரங்காடு' என்ற மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. கொங்கு நாட்டின் வறண்ட பகுதி அது. மழை திருவண்ணாமலையினும் குறைவு. உழவர் தம் சொந்த நிலத்தையே புல்லுக்கென ஒதுக்கி, முட்கிளுவையால் உயிர்வேலி கட்டுகின்றனர். உள்ளே கொழுக்கட்டைப் புல் முதலியன வளர்கின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள் நின்று நிழல் தருகின்றன. கோடையில் புல் காயும்போது வெள்வேலத்தின் நெற்று ஆடுமாடுகளுக்குத் தீனியாகிறது. நிலத்தைப் பல கூறாக வேலியிட்டு, ஒன்று மேயும்போது மற்றொன்றை ஆறவிடுகின்றனர். மழை பெய்த உடனே மந்தையை உள்ளே விடாமல் புல் தேறும்வரை பொறுக்கின்றனர். முதலில் மாடு, பிறகு செம்மறி என்று வரிசையும் உண்டு. காங்கயம் காளையின் பெருமை உலகறிந்தது. அக்காளையை உருவாக்கிய புல்லின் பெருமை உள்ளூரிலும் அறியப்படவில்லை.

தனியார் நிலத்தில் இயன்றது பொது நிலத்தில் ஏன் இயலவில்லை? கொரங்காட்டுக்கு உடையவர் உண்டு. அதனால் காவல் உண்டு. மேய்க்காலின் உடைமையை ஊரிடமிருந்து எடுத்த அரசு, காவலை ஊரிடம் விடவுமில்லை, தானும் செய்யவில்லை. சட்டத்தின் கண்கள் இப்போது சற்றே திறந்துள்ளன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் இடம்பெயர் ஆயரின் பருவகால உரிமையையும் பெயர் சொல்லி ஏற்றது. 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி அவற்றை ஊரிடமே மீட்டுத் தருமாறு மாநிலங்கள் அனைத்துக்கும் ஆணையிட்டது. ஆனால் பழைய பார்வை முற்றும் மறையவில்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் மாநிலத்தின் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்தது. பின்னர் அதே மாதத்தில், தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டுமே என்று அத்தடையைச் சுருக்கியது. அந்தச் சில நாள்கள் மலைமாடு வளர்ப்போர் பட்ட கலக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2022இல் கூடி, 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் ஆயர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது. உலகம் ஒரு திணையை நினைவுகூர ஓர் ஆண்டு ஒதுக்கியது. அத்திணைக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெயரும் பூவும் தெய்வமும் ஒழுக்கமும் வகுத்த நாம் என்ன செய்யப் போகிறோம்? பெரிய திட்டங்கள் வேண்டாம். ஒவ்வோர் ஊரும் தன் ஏட்டைத் திறந்து, மேய்க்கால் என்று எழுதியுள்ள நிலம் எங்கே இருக்கிறது, அதன்மேல் இன்று என்ன நிற்கிறது என்று பார்க்கட்டும். மரம் நட நன்கொடை தருவோர், நடும் இடத்தில் முன்பு என்ன வளர்ந்தது என்று ஊரின் மூத்த இடையர் ஒருவரைக் கேட்ட பின்னர் தரட்டும். பள்ளிப் பிள்ளைகள் நூறு மரக்கன்றுகளின் பெயரோடு பத்துப் புற்களின் பெயரையும் கற்கட்டும்.

கருந்தேவக்கத்தி தன் எருமைகளுக்காக உயிர் விட்டான். கோவிவன் என்னும் நாய் இருவரைக் கடித்து நின்றது. அவர்கள் காத்த மந்தைக்குக் கள்வர் வந்தது இரவில், வில்லோடும் வாளோடும். அம்மந்தை மேய்ந்த புல்வெளிக்குக் கள்வர் வந்தது பகலில், ஒரு சொல்லோடு. அந்தச் சொல்லை ஏட்டிலிருந்து எடுப்பதற்கு வாள் வேண்டியதில்லை. புல்லைப் புல்லென்று மதிக்கும் கண் இருந்தால் போதும்.